ஐம்பது மணி நேரப் பகல்

எகிப்துப் பாலைவனத்தில் கெல்லியா என்ற துறவியர் குடியிருப்பில், நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எவாக்ரியுஸ் என்று ஒருவர் வாழ்ந்தார். கருங்கடல் ஓரத்துப் பொந்துஸ் நாட்டில் பிறந்தவர். கான்ஸ்தாந்திநோபிளில் பேரும் புகழுமாக இருந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாலைவனத்துச் சிற்றறைக்கு வந்து, 399இல் அங்கேயே இறந்தார். துறவியின் மனத்தைக் கலைக்கும் எட்டு எண்ணங்களை அவர் பட்டியலிட்டு வைத்திருக்கிறார். பெருந்தீனி, காமம், பொருளாசை, கோபம் என்று எவரும் எதிர்பார்ப்பவை அதில் உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் அதிகமாக அழுத்துவது வேறொன்று என்றார். கிரேக்கத்தில் அதன் பெயர் அகேடியா.

காலை பத்து மணிவாக்கில் அது வரும். சூரியன் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். பகல் ஐம்பது மணி நேரம் நீளும். துறவி சன்னலைப் பார்ப்பார். வெளியே வந்து, சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெயிலை அண்ணாந்து பார்ப்பார். புத்தகத்தை எடுத்தால் கொட்டாவி வரும். கண்ணைக் கசக்குவார், சுவரை வெறிப்பார், திரும்பவும் கொஞ்சம் படிப்பார், இன்னும் எத்தனை பக்கம் மிச்சம் என்று எண்ணுவார். கடைசியில் புத்தகத்தை மூடித் தலைக்கு அணையாக வைத்துப் படுத்துவிடுவார்.

இன்று மருத்துவமனைகளில் மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு. பிஎச்க்யூ-9 என்பார்கள். அதன் ஏழாவது கேள்வி, நாளிதழ் படிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது போன்றவற்றில் மனம் ஊன்றக் கஷ்டமாக இருந்ததா என்பது. பாலைவனத்துத் துறவி கையிலிருந்த புத்தகம் நாளிதழாக மாறியிருக்கிறது. அகேடியாவும் மனச்சோர்வும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. தனிமையும் பசியும் நோன்பும் சூழ்ந்த ஒரு வாழ்க்கையின் சோர்வு அது, அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. ஆனாலும் எவாக்ரியுஸ் அழுகையைப் பற்றியோ துயரத்தைப் பற்றியோ தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துயரத்துக்கு அவர் பட்டியலில் தனி இடம் இருக்கிறது. அகேடியாவில் அவர் கண்டது, ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க முடியாத மனத்தை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேதனை. ஆறாம் நூற்றாண்டின் முடிவில் போப்பாண்டவராக இருந்த முதலாம் கிரகோரி பட்டியலைத் திருத்தியபோது அகேடியாவின் பெயரை எடுத்துவிட்டு அதைத் துயரத்துக்குள் அடக்கினார். காலப்போக்கில் ஏழு தலையாய பாவங்களின் வரிசையில் அது திரும்பி வந்து, மக்கள் வழக்கில் சோம்பல் என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியது. படிக்க முடியாதவர் படிக்க மறுப்பவர் ஆகிவிட்டார்.

மேற்கில் மட்டும் நடந்ததல்ல இது. வள்ளுவர் மடியின்மை என்ற அதிகாரத்தில் காலம் தாழ்த்துவது, மறதி, சோம்பல், தூக்கம் நான்கையும் சேர்த்துக் கேட்டின் பக்கம் வைக்கிறார். குடியை உயர்த்த வேண்டியவனுக்கு அவர் சொன்ன அறிவுரை அது, நோயாளிக்குச் சொன்னதல்ல. ஆனால் இன்றைய மனநல மருத்துவரின் குறிப்பேட்டில் மறதி, மந்தம், அளவுக்கு மீறிய தூக்கம் மூன்றும் அறிகுறிகளாக எழுதப்படுகின்றன. அறநூலைப் படித்து வளர்ந்த ஒருவருக்கு இந்த நோய் வந்தால், தன் அறிகுறிகளைத் தானே குற்றப்பத்திரிகையாக வாசிப்பார். நம் வீடுகளில் இது தினமும் நடக்கிறது. "எதுவுமே மண்டையில ஏற மாட்டேங்குது" என்பவருக்கு, "எழுந்து குளிச்சிட்டுச் சாமி கும்பிடு, எல்லாம் சரியாயிடும்" என்று பதில் கிடைக்கிறது. சொல்கிறவர்களின் அன்பில் சந்தேகமில்லை. ஆனால் கும்பிடுவதற்கு வேண்டியதுதான் அவரிடம் இல்லாமல் போயிருக்கிறது.

பதஞ்சலி இந்த இடத்தில் நுட்பமானவர். யோக சூத்திரத்தில் மனத்தைச் சிதறடிக்கும் தடைகள் ஒன்பது என்கிறார். முதல் தடை வியாதி. இரண்டாவது ஸ்த்யானம், மனம் உறைந்துபோய் வேலை செய்யாத நிலை. ஆலஸ்யம் என்ற சோம்பல் ஐந்தாவதாக, தனியாக வருகிறது. உறைவு வேறு, சோம்பல் வேறு என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த மரபு நம்முடையது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் இருப்பது இரண்டாவதா ஐந்தாவதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் ஆள் படுத்துத்தான் கிடப்பார்.

அளவை தொடங்குவது இங்கேதான்.

அறையில் ஒரு மேசை, ஒரு பென்சில், ஒரு ஸ்டாப்வாட்ச். தாளின் மேற்பகுதியில் 1 முதல் 9 வரை எண்கள், ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய ஒரு சிறு குறி. அதற்குக் கீழே எண்கள் மட்டும் கலைந்த வரிசையில் இருக்கும், அடியில் வெற்றுக் கட்டங்கள். எந்த எண்ணுக்கு எந்தக் குறி என்று மேலே பார்த்துக் கீழே வரைந்துகொண்டே போக வேண்டும். நேரம் 90 நொடி, சில பதிப்புகளில் 120 நொடி. சரியாக எத்தனை கட்டம் நிரம்பியது என்பதே மதிப்பெண். முதல் உலகப் போரின்போது எழுதப் படிக்கத் தெரியாத அமெரிக்கப் படைவீரர்களுக்கு வைத்த சோதனைகளில் இதன் வடிவம் ஒன்று இருந்தது. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றிய டேவிட் வெக்ஸ்லர் 1939இல் வெளியிட்ட அறிவுத்திறன் அளவையில் அதைச் சேர்த்துக்கொண்டார். இன்று மனச்சோர்வில் மூளையின் வேகத்தை அளப்பதற்கு அதிகம் பயன்படும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

இன்னொன்றில், தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். ஒன்று, பிறகு ஏ, பிறகு இரண்டு, பிறகு பி. இதுவும் படையிலிருந்து வந்ததுதான், 1944ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவத் தொகுப்பில் இடம்பெற்றது. மற்றொன்றில் 15 சொற்களை வாசித்துக் காட்டுவார்கள், நினைவிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும்.

நான்காவதாகச் சொல்ல வேண்டிய சோதனைக்குப் பின்னால் ஒரு போதகர் இருக்கிறார். டென்னசி மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்தில் 1897இல் பிறந்த ஜான் ரிட்லி ஸ்ட்ரூப், 1935இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிவப்பு என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டு, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால், எவருக்கும் நாக்கு தடுமாறும். கண் தானாகச் சொல்லைப் படித்துவிடுகிறது, அதை அடக்கிக்கொண்டு நிறத்தைச் சொல்ல மனம் பாடுபட வேண்டியிருக்கிறது. அந்தப் பாட்டை நொடிக்கணக்கில் அளக்கலாம் என்று காட்டியது ஸ்ட்ரூப்பின் சாதனை. உளவியலில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று. எழுதியவரோ அந்தத் துறையில் மேற்கொண்டு போகவில்லை. நாஷ்வில் நகரத்து லிப்ஸ்கம் கல்லூரியில் விவிலியம் கற்பித்தும் தேவாலயங்களில் பிரசங்கம் செய்தும் வாழ்நாளைக் கழித்தார். விரும்பாததைத் தானாகச் செய்துவிடும் மனத்தைப் பற்றிப் புனித பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் புலம்பியிருக்கிறார். விவிலியத்தைப் பிரசங்கித்த ஒருவரே அந்த மனத்துக்கு ஓர் அளவுகோலையும் செய்து வைத்தார் என்று பார்க்கத் தோன்றுகிறது. ஸ்ட்ரூப் அப்படி நினைத்தாரோ இல்லையோ, அவர் தாள் இன்று மனச்சோர்வுள்ளவர்கள் முன் வைக்கப்படுகிறது. சராசரியாக அவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

2014இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வின்போது கவனம், நினைவு, திட்டமிடும் திறன் மூன்றிலும் நடுத்தர அளவுக் குறைவு இருந்தது. நோய் தணிந்து, துயரம் விலகி, தூக்கமும் பசியும் திரும்பிய பிறகும், கவனத்திலும் திட்டமிடுவதிலும் குறைவு மிஞ்சியிருந்தது என்பதே அதில் முக்கியமான செய்தி. சோகம் போனால் எல்லாம் போய்விடும் என்ற பொது நம்பிக்கை இங்கே உடைகிறது. "இப்பத்தான் நல்லா இருக்கியே, இன்னும் என்ன மந்தம்?" என்ற கேள்வியால் காயப்பட்ட எத்தனையோ பேருக்கு இந்த முடிவு ஒரு சாட்சி.

ஆனாலும் ஒரு நேர்மையான சந்தேகம் எழும். மனச்சோர்வுள்ளவர் முயலவே இல்லையென்றால்? பென்சிலை அரைமனத்தோடு நகர்த்தினாலும் மதிப்பெண் குறையத்தானே செய்யும்?

இதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. டாம் டாம்பா என்ற கனடிய உளவியலாளர் 1996இல் வெளியிட்ட சோதனையில் 50 கோட்டுப் படங்களைக் காட்டிவிட்டு, பிறகு இரண்டிரண்டாக வைத்து எதை முன்பு பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். கடினமாகத் தோன்றும், உண்மையில் மிக எளிது. மூளையில் அடிபட்டவர்கள்கூட நன்றாகச் செய்துவிடுவார்கள். வேண்டுமென்றே மறந்ததுபோல் நடிப்பவர்தான் இதில் மாட்டிக்கொள்வார். மனச்சோர்வுள்ளவர்கள் இதில் பெரும்பாலும் குறையில்லாமல் தேறிவிடுகிறார்கள். அவர்கள் முயல்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. முயன்றும் மற்ற சோதனைகளில் பின்தங்குகிறார்கள்.

அதற்காக ஊக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முயற்சி எடுக்கும் திறனையும் அரித்துவிடுவதுதான் இந்த நோயின் இயல்பு. கால் முறிந்தவனிடம் நடக்க முடியவில்லையா, நடக்க விருப்பமில்லையா என்று கேட்கலாம். விரும்புகிற உறுப்பே முறிந்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், கேள்வி இரண்டாகப் பிளந்துவிடும். 'முடியவில்லை', 'மாட்டேன்' என்ற இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டுதான் அறநூல்களும் நீதிமன்றங்களும் மனிதரைப் பிரிக்கின்றன. மனச்சோர்வு இரண்டு பெட்டிக்கும் இடையில் விழுகிறது. தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அகேடியாவைத் தெய்வீக நன்மையைக் குறித்த துயரம் என்று விளக்கி, அறிவு அதற்குச் சம்மதம் கொடுக்கும்போதுதான் அது பெரும் பாவமாகிறது என்றார். நல்ல வரையறைதான். சம்மதம் கொடுக்க வேண்டிய அறிவே ஸ்ட்ரூப் தாளில் தடுமாறிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

1961இல் லெஸ்லி கைலோ என்ற மனநல மருத்துவர், மறதி நோய் முற்றிவிட்டதாகக் கருதப்பட்ட சிலரைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு இருந்தது மறதி நோயல்ல, மனநோய், பெரும்பாலும் மனச்சோர்வு. அது தீர்ந்ததும் நினைவும் திரும்பியது. இத்தகையவர்களைப் பரிசோதித்தவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனித்திருக்கிறார்கள். மறதி நோயுள்ளவர் தவறாகவாவது ஏதாவது பதில் சொல்லிச் சமாளிப்பார். மனச்சோர்வுள்ளவர் "தெரியலை" என்று சொல்லிவிடுவார். தெரிந்திருந்தாலும் அப்படித்தான் சொல்வார். தன்மேலேயே நம்பிக்கை போன குரல் அது. ஒரே குறைந்த மதிப்பெண்ணுக்குள் இரண்டு வெவ்வேறு மனிதர்கள் ஒளிந்திருக்க முடியும்.

அளவைக்கு வேறு வரம்புகளும் உண்டு. அது ஒருவரை அவர் வயதும் படிப்பும் உள்ள மற்றவர்களோடுதான் ஒப்பிடுகிறது. நேற்றைய அவரோடு ஒப்பிடுவதில்லை, நேற்றைய மதிப்பெண் யாரிடமும் இல்லை. பத்துக் கணக்குப் புத்தகத்தை ஒரே மூச்சில் சரிபார்த்த கணக்காளர் இன்று ஒரு பக்கத்திலேயே மூன்று முறை தவறுகிறார். சோதனைத் தாள் அவரைச் சராசரி என்கிறது. சராசரிக்கு வந்து சேர அவர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார் என்பது அதில் பதிவாகாது. தூக்க மாத்திரையும் சில பழைய மருந்துகளும் மூளையை மந்தப்படுத்தும், அந்தக் கணக்கும் தனியாகக் கழிக்கப்பட வேண்டும். ஆங்கில எழுத்து தெரியாதவரிடம் ஏ, பி என்று இணைக்கச் சொன்னால் அளக்கப்படுவது பள்ளிக்கூடம்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு, பள்ளிக்கே போகாதவர்களுக்கும் தனி அளவுகளை வகுத்தது. அது வெறும் தொழில்நுட்பத் திருத்தமல்ல. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் மந்தத்தை அறியாமை என்று தள்ளிவிடாமல், அவருக்கும் நோய் வரலாம், அவருக்கும் இழக்க ஒரு கூர்மை இருந்தது என்று ஒப்புக்கொள்வது.

இதையெல்லாம்விடச் சங்கடமானது ஒன்று. தன் கவனம் போய்விட்டது என்று ஒருவர் சொல்லும் அளவும், சோதனை காட்டும் அளவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. யாரை நம்புவது? அவரவர் மனத்துக்கு அவரவரே சாட்சி என்று உபநிடதம் படித்தவர்கள் சொல்லக்கூடும். ஆனால் இந்த நோயில் சாட்சியும் பாதிக்கப்பட்டவரும் ஒருவரே, தன்னைக் குறைத்துப் பேசுவது நோயின் குணம். அதற்காக அவர் சொல்வதைத் தள்ளிவிடவும் கூடாது. மூளையியல் அறையின் அமைதியில் 90 நொடி தாக்குப்பிடிக்கும் கவனம், மூன்று பிள்ளைகள் கத்தும் சமையலறையில் பத்து நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம். 2017இல் வந்த திங்க்-இட் என்ற கருவி சிறு சோதனைகளோடு, நீங்களே உங்களை எப்படி உணர்கிறீர்கள் என்ற கேள்விகளையும் சேர்த்தே வைத்தது. இரண்டு சாட்சிகளையும் ஒரே கூண்டில் ஏற்றிய அந்த முடிவு சரியானது.

இப்போது துறவியின் அறைக்குத் திரும்பினால் ஒரு கேள்வி எழுகிறது. கவனமே கடவுளிடம் போகும் வழி என்றால், கவனம் பறிபோனவருக்கு வழி எது?

இந்தக் கேள்வியைத் தன் உடம்பில் சுமந்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய். கவனமே பிரார்த்தனையின் சாரம் என்று எழுதியவர். அவருடைய அண்ணன் ஆந்த்ரே வேய் கணித மேதை. அந்த நிழலில் வளர்ந்த சிமோன், பதினான்கு வயதில் தன் அறிவு மட்டமானது என்று எண்ணி உயிரை விட்டுவிடலாமா என்னும் அளவுக்கு இருண்டுபோனதாக 1942இல் ஒரு பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். மாதக்கணக்கில் நீடித்த அந்த இருளிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது ஒரு உறுதி. இயல்பான திறமை ஏதுமில்லாதவரும், உண்மைக்காக ஏங்கி, அதன்மேல் கவனத்தை வைக்க முயன்றுகொண்டே இருந்தால், உண்மையின் அரசுக்குள் நுழைய முடியும் என்பதே அது. வேய் எண்ணியது திறமை இல்லாதவரைப் பற்றி. முயற்சியே இயலாதவரைப் பற்றிக் கேட்டால் அவர் வாக்கியத்தில் மிஞ்சுவது ஏக்கம் மட்டும்தான். அது போதுமா என்பது மதங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. போதும் என்று சொல்லத் தயங்கும் மதம், நலமானவர்களுக்கு மட்டும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

பாலைவனத் துறவிகள் கோட்பாட்டில் கடுமையானவர்கள். நடைமுறையில் அவர்களுக்கு இது தெரிந்திருந்தது. எவாக்ரியுஸின் எண்ணங்களை மேற்குக்கு எடுத்துச் சென்ற ஜான் காசியன், எகிப்தியத் துறவிகள் நீண்ட பிரார்த்தனையைவிட அடிக்கடி செய்யும் சிறிய பிரார்த்தனைகளையே விரும்பினார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். மனம் அலைந்து போவதற்குள் முடிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் ஐந்தெழுத்தை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவரும் நினைவிடம் மிகக் குறைவாகத்தான் கேட்கிறார். காசியன் சொல்லும் பவுல் என்ற துறவியின் கதை இன்னும் தூரம் போகிறது. சந்தையிலிருந்து பல நாள் நடை தூரத்தில் இருந்தவர் அவர். கூடை முடைந்தாலும் வண்டிக் கூலிக்குக்கூடக் கட்டாது. ஆனாலும் தினமும் ஓலை சேகரித்து அன்றைய வேலையைச் செய்து முடிப்பார். ஆண்டு முடிவில் குகை நிரம்பியதும் எல்லாவற்றையும் எரித்துவிட்டு மறுபடி தொடங்குவார். காசியன் இதை அகேடியாவுக்கு மருந்தாகச் சொல்கிறார். பலனை அளக்காத வேலை அது. மதிப்பெண் குறைந்துபோன மனத்துக்கு அப்படி ஒரு வேலை தேவைப்படும் நாட்கள் உண்டு.

இந்தக் கதையில் வரும் இரண்டாவது போதகர் மார்க் வில்லியம்ஸ். பிரிட்டிஷ் உளவியலாளர், பின்னாளில் ஆங்கிலிக்கன் குருவாகவும் திருநிலைப்பட்டவர். 1986இல் கீத் பிராட்பெண்ட் என்பவரோடு சேர்ந்து, சில நாட்களுக்கு முன் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஓர் எளிய சோதனை செய்தார். ஒரு சொல்லைக் கொடுத்து, அது நினைவூட்டும் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்லச் சொன்னார். சந்தோஷம் என்ற சொல்லைக் கேட்டதும் மற்றவர்கள் ஒரு நாளைச் சொன்னார்கள். இவர்களுக்கு வந்ததோ 'வெளியே நடக்கப் போகும்போதெல்லாம்' என்பது போன்ற பொதுவான பதில். நாள் இல்லை, இடம் இல்லை, முகம் இல்லை. வாழ்க்கையில் நடந்த நல்லதெல்லாம் ஒரு மங்கலான பொதுமையாகக் கரைந்துபோயிருந்தது. "கடவுள் உனக்குச் செஞ்ச நன்மையை நெனச்சுப் பாரு" என்று இவர்களிடம் சொல்வது, பூட்டிய அறைக்குள் இருக்கும் பொருளைக் கேட்பது போன்றது. அவர்கள் நன்றி கெட்டவர்களல்ல. எடுத்துத் தர அவர்கள் கையில் ஒரு நாளும் அகப்படவில்லை.

பிற்பாடு வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல், ஸிந்தெல் சீகல் மூவரும் பௌத்தத் தியான மரபிலிருந்து எடுத்த கவனப் பயிற்சியை எட்டு வார வகுப்பாக வடிவமைத்தார்கள். 2000ஆம் ஆண்டு வந்த அவர்களது ஆய்வில், மூன்று முறை அல்லது அதற்கு மேல் மனச்சோர்வு வந்துபோனவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. வகுப்புக்கும் வந்தவர்களில் அது 37 சதவீதம். எவாக்ரியுஸின் துறவி இழந்த அதே கவனத்தைத்தான் இங்கேயும் கேட்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் நோய் தணிந்திருக்கும் காலத்தில், ஒரு மூச்சு, ஒரு உலர்ந்த திராட்சை என்று மிகச் சிறிய அளவில் கேட்கிறார்கள். மனம் நழுவினால் அதைக் குற்றம் என்று குறிப்பதில்லை. நழுவியதைக் கவனித்துத் திரும்பி வருவதே பயிற்சி.

வகுப்பு முடிந்த பிறகு, அந்தப் பழைய சொற்சோதனையை அவர்களுக்குத் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். பொதுவான பதில்கள் குறைந்திருந்தன. சொல்லைக் கேட்டதும் ஒரு குறிப்பிட்ட பொழுதைச் சொல்ல அவர்களுக்கு முன்பைவிட எளிதாக இருந்தது. அந்தச் சோதனையில், சொல்லப்படும் நினைவு மகிழ்ச்சியானதா, பக்தியானதா, பெருமைக்குரியதா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. எதிரில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருந்து, அதில் ஒரு நாள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தாளில் குறித்துக்கொள்வார்.